ஒரு சொல்லும் பல பொருளும்: ‘லைன்’

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்க்கு இடர் தருவன பெரிய சொற்கள் அல்ல, சிறிய சொற்களே. நீண்ட சொல் ஒன்றைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம். அங்கே ஒரு பொருள் இருக்கும், மிஞ்சினால் இரண்டு. குறித்துக்கொண்டு மேலே செல்கிறோம். ஆனால் ‘ரன்’, ‘செட்’, ‘கெட்’, ‘லைன்’ போன்ற குறுஞ்சொற்களைத் தேடிப் போனால் பத்தி பத்தியாகப் பொருள்கள் நிற்கின்றன. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். வாக்கியம் கெட்டுவிடுகிறது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மாலை வேளைகளில் மாணவர்க்கு ஆங்கிலப் பாடம் சொல்லி வருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். கடைத்தெருவில் இரண்டையும் பேசுகிறார்கள். “இவர்களுடைய பேச்சு தமிழும் அன்று, மலையாளமும் அன்று, இவர்களுக்கா ஆங்கிலம் வரப்போகிறது?” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைவிட வருத்தம் தருவது, பிள்ளைகளும் அதனை நம்பிவிடுவது. அந்த நம்பிக்கை தவறு என்பதையும், எல்லையூர்ப் பிள்ளைக்கு இத்துறையில் பிறர்க்கு இல்லாத ஒரு பயிற்சி முன்னமே இருக்கிறது என்பதையும் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு காட்ட விரும்புகிறேன். அச்சொல் ‘லைன்’.

நம் ஊர்களில் ‘லைன்’

‘லைன்’ என்பதை நம் ஊரார் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுவதே இல்லை. மின்சாரம் நின்றால் “லைன் போய்விட்டது” என்கிறார்கள். அதைச் சரிசெய்ய வருபவர் ‘லைன்மேன்’. நியாயவிலைக் கடையில் “லைனில் நில்” என்கிறார்கள். தொலைபேசியில் “லைன் கிடைக்கவில்லை” என்கிறார்கள். சிறு பிள்ளைக்கு ‘ஃபோர் லைன்’ நோட்டு வாங்குகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியே கன்னியாகுமரிக்குச் செல்லும் ரயில் பாதை 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்டது, அதுவும் ‘லைன்’. தையற்கடையில் சட்டைத் துணிக்கு உள்ளே வைத்துத் தைப்பது ‘லைனிங்’. காதல் வயப்பட்ட இளைஞரைப் பற்றியும் இச்சொல்லைச் சொல்வர். அதனைக் கல்லூரி மாணவர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இத்தனை இடத்திலும் ஒரு சொல்லே வருகிறது. கேட்பவர் யாரேனும் திகைத்து நிற்கிறாரா? இல்லை. லைன்மேன் வருகிறார் என்றால், நோட்டில் கோடு போட வருகிறார் என்று எவரும் எண்ணுவதில்லை. பேச்சில் திகைக்காத நாம் ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும் ஏன் திகைக்கிறோம்? பேச்சிலே சொல்லைச் சூழ்நிலையோடு சேர்த்துக் கேட்கிறோம். பாடத்திலே சொல்லைத் தனியாகப் பிடுங்கி எடுத்து மனப்பாடம் செய்கிறோம். வேறுபாடு இவ்வளவே.

சொல் பிறந்த கதை

‘லைன்’ என்பதன் மூலம் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘லினும்’ என்பது ஆளிச்செடி. அச்செடியின் நாரால் திரித்த நூல் ‘லினியா’. அதிலிருந்து வந்தது ‘லைன்’. அதே குடும்பத்தைச் சேர்ந்தவை ‘லினன்’ என்னும் துணியும், ஆடையின் உட்புறம் வைத்துத் தைக்கும் ‘லைனிங்’கும். ஆகவே ‘லைன்’ என்பதற்கு முதற்பொருள் கோடு அன்று, நூல்.

நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும், ஆதலால் கோடு. கோட்டின்மேல் எழுதுவது வரி. கோடு போல ஒருவர் பின் ஒருவர் நிற்பது வரிசை. நூல் போல நீண்டு செல்வது கம்பி, ரயில் பாதை. ஓரிடத்தையும் மற்றோரிடத்தையும் பிரித்துக் காட்டக் கோடு இழுத்தால் எல்லை. தந்தை, மகன், பேரன் என்று நூல் அறாமல் வருவது குடிவழி. ஒருவர் தொடர்ந்து பற்றிச் செல்லும் தொழிலும் கொள்கையும் கூட அப்படியே. இருபது பொருளையும் தனித்தனியே நெட்டுருப் போடத் தேவையில்லை. இழுத்துப் பிடித்த ஒரு நூலை மனக்கண்ணில் வைத்துக்கொண்டால், மற்றவை அதிலிருந்து கிளைப்பதைக் காணலாம்.

நம் தமிழில் ‘நூல்’ என்னும் சொல் நடந்த வழியையும் நோக்குங்கள். பாலராமபுரத்துத் தறியில் ஓடுவது நூல். நாம் படிக்கும் புத்தகமும் நூல். ஆசாரியார் பலகையை அறுக்கும்போது “ஒரு நூல் குறைத்து அறு” என்கிறார். அங்கே நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆங்கிலேயரும் பழைய அளவை முறையில் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை ‘லைன்’ என்றே வழங்கினர். தொலைவில் வாழ்ந்த இரு மக்கள், ஒருவரை ஒருவர் கேளாமலே, நூலை அளவுகோலாக்கியிருக்கிறார்கள்.

தொல்காப்பியர் காட்டிய வழி

ஒரு சொல் பல பொருள் தருவது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய தொல்லை அன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே இதனை ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய சொற்களைப் ‘பல பொருள் ஒரு சொல்’ என்று குறித்து, அவற்றை இரண்டாகப் பகுக்கிறார். முதல் வகையில் பொருள் தானே விளங்கிவிடும். எவற்றால் விளங்கும்? உடன் வரும் வினையால் விளங்கும்; சேர்ந்து நிற்கும் இனத்தால் விளங்கும்; சொல்லப்படும் சார்பால் விளங்கும். இரண்டாம் வகையில் இவை உதவா. அப்போது பேசுபவரே பொருளை வெளிப்படக் கிளந்து சொல்லவேண்டும்.

உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லைக் காட்டி இதனை விளக்குவர். மா என்பது மாமரமும் ஆம், குதிரையும் ஆம். ‘மா பூத்தது’ என்றால் மரம். பூத்தல் என்னும் வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் வளர்ந்தன என்றால், பக்கத்தில் நிற்கும் மருதமரம் காட்டிக்கொடுக்கிறது. கவசம் பூண்டு நிற்கும் வீரன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை என்பது அவன் நிற்கும் நிலையாலேயே தெரிகிறது. ஆனால் ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே ‘மாமரம் வீழ்ந்தது’ என்று கிளந்து சொல்வதே வழி.

இந்த நான்கு கருவிகளையும் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்து ‘லைன்’ என்னும் சொல்லிடம் செல்வோம்.

1. வினையால் அறிதல்

‘ட்ரா எ லைன்’ என்றால் கோடு வரை. ‘ரைட் எ லைன்’ என்றால் ஒரு வரி எழுது. ‘ஃபார்ம் எ லைன்’ என்றால் வரிசையாக நில். பெயர் மாறவில்லை, வினை மாறியது, பொருளும் மாறியது. ‘ட்ராப் மி எ லைன்’ என்றால் நூலைக் கீழே போடு என்பது அன்று. எனக்குச் சிறு கடிதம் ஒன்று எழுது என்பது.

‘ஹோல்ட் தி லைன்’ என்று தொலைபேசியில் கேட்டால், இணைப்பைத் துண்டிக்காமல் இரு என்று பொருள். போர்க்களத்தில் படைத்தலைவன் இதையே சொன்னால், அணி குலையாமல் நில் என்று பொருள். இங்கே வினை மட்டும் போதவில்லை, சார்பும் வேண்டியிருக்கிறது.

‘டோ தி லைன்’ என்பதில் மாணவர் பலர் எழுத்துப்பிழை செய்கிறார்கள். இங்குள்ள ‘டோ’ கயிறு கட்டி இழுத்தல் அன்று, கால்விரல். கோட்டின்மேல் கால்விரலை ஒட்டி வைத்து, மீறாமல் நிற்பது. அதிலிருந்து, கட்டளைக்கு அடங்கி நடத்தல் என்னும் பொருள் வந்தது. கட்சித் தலைமையின் சொல்லை மீறாத உறுப்பினரைக் குறித்துச் செய்தித்தாள்கள் இத்தொடரை எழுதும்.

‘லைன்’ தானே வினையாக வருவதும் உண்டு. ‘ட்ரீஸ் லைன் தி ரோட்’ என்றால் சாலையின் இருமருங்கும் மரங்கள் வரிசையாய் நிற்கின்றன. ‘ஷி லைன்ட் தி கோட் வித் சில்க்’ என்றால் அவள் அந்த மேலாடைக்குப் பட்டில் உட்துணி வைத்தாள்.

2. இனத்தால் அறிதல்

முன்னே நிற்கும் பெயர் ‘லைன்’ யாரைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். ‘ரெயில்வே லைன்’, ‘பவர் லைன்’, ‘டெலிபோன் லைன்’ என்பவற்றுக்கு விளக்கம் வேண்டா. ‘கோஸ்ட்லைன்’ என்பது பூவாறு, பொழியூர் முதலிய ஊர்கள் அமைந்த கடற்கரையின் ஓட்டம். அங்குள்ள மீனவர் கையில் இருக்கும் தூண்டில் நரம்பு ‘ஃபிஷிங் லைன்’. கொத்தனார் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குநூல் ‘பிளம் லைன்’. இவ்விரண்டிலும் ‘லைன்’ தன் பிறப்புப் பொருளாகிய நூலாகவே நிற்கிறது.

‘டெட்லைன்’ என்னும் சொல்லை நாம் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு எளிதாகப் பயன்படுத்துகிறோம். அதன் வரலாறு எளிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துச் சிறைமுகாம்களில், கைதி தாண்டினால் சுடப்படுவான் என்று குறித்த எல்லைக் கோட்டுக்கு அப்பெயர் இருந்தது. பிறகு அது காலத்தின் எல்லையைக் குறிக்கலாயிற்று.

பெயரைவிடக் கூர்ந்து நோக்க வேண்டிய இனம் ஒன்று உண்டு. அது ஆங்கிலத்தின் சிறு இடைச்சொற்கள். தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை அங்கே ‘இன்’, ‘ஆன்’, ‘அவுட் ஆஃப்’ என்பவை செய்கின்றன. அவை மாறினால் ‘லைன்’ முற்றும் மாறிவிடும்.

‘ஸ்டாண்ட் இன் லைன்’ — வரிசையில் நில்.
‘ஹிஸ் ஜாப் இஸ் ஆன் தி லைன்’ — அவன் வேலை பறிபோகும் நிலையில் இருக்கிறது.
‘யுவர் ரிமார்க் வாஸ் அவுட் ஆஃப் லைன்’ — நீ சொன்னது முறையன்று.
‘திஸ் இஸ் இன் லைன் வித் தி ரூல்ஸ்’ — இது விதிகளுக்கு ஒத்தது.

முதல் வாக்கியத்தில் ‘லைன்’ முன்னே ‘தி’ இல்லை. இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சிறு ‘தி’யைச் சிறிதென்று தள்ளக்கூடாது. மேலும், வரிசையைக் குறிக்க ‘லைன்’ என்பது அமெரிக்கரிடம் மிகுதி. ஆங்கிலேயர் ‘கியூ’ என்பர். நம் ஊர்களில் இரண்டும் வழங்குகின்றன.

பன்மையும் ஓர் அடையாளமே. நாடகம் நடிப்பவன் ‘ஐ ஃபர்காட் மை லைன்ஸ்’ என்றால், தான் பேசவேண்டிய வசனத்தை மறந்துவிட்டான் என்று கொள்க.

3. சார்பால் அறிதல்

‘வாட் இஸ் யுவர் லைன்?’ என்று ஒருவர் கேட்கிறார். வணிகர் கூட்டத்தில் கேட்டால், உம் தொழில் யாது என்பது. நாடக ஒத்திகையில் கேட்டால், உம் வசனம் எது என்பது. அரசியல் கூட்டத்தில் கேட்டால், உம் நிலைப்பாடு என்ன என்பது. வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இடம் மாறியது, பொருள் மாறியது.

எல்லையூர்ப் பிள்ளைக்கு முன்னமே பயிற்சி இருக்கிறது என்று சொன்னேன். அது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் ‘வெள்ளம்’ என்றால் பெருக்கெடுத்து வருவது. மலையாளத்தில் குடிக்கும் நீரே வெள்ளம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதித் தமிழரும் குடிநீரை அவ்வாறே சொல்கிறார்கள். “வெள்ளம் கொண்டு வா” என்று பாட்டி சொன்னால் நம் பிள்ளை செம்பை எடுக்கிறது. “ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது” என்றால் கரையிலிருந்து விலகுகிறது. கொண்டுவருதலும் பெருகிவருதலும் ஆகிய வினைகள் அதற்கு வழிகாட்டுகின்றன.

‘சம்சாரம்’ தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ‘விஷமம்’ தமிழில் குறும்பு, மலையாளத்தில் மனவருத்தம். அவசரம் கிடைத்தது என்றால் வாய்ப்பு என்றும், அவசரப்படாதே என்றால் விரைவு என்றும், நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவில் பொட்டலம் கட்டும் சிறுவன் கணப்பொழுதில் அறிகிறான். விஷமம் செய்பவனையும் விஷமம் தோன்றி நிற்பவனையும் அவன் மயங்கி அறிவதில்லை. வினை, இனம், சார்பு என்னும் மூன்று கருவிகளையும் பெயர் தெரியாமலே நாள்தோறும் ஆண்டு வருகிறான்.

அவ்வூரின் பெயரிலேயே இப்பாடம் இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் கரை என்பது ஆற்றோரம். பாலராமபுரத்து வேட்டியில் கரை என்பது துணியோரம். உப்பு கரைகிறது, காகம் கரைகிறது, மலையாளக் குழந்தை கரைந்தால் அது அழுகிறது. இவ்வளவையும் பிரித்தறியும் பிள்ளை ஆங்கிலத்து ‘லைன்’ கண்டு அஞ்சுவதற்குக் காரணமே இல்லை. கலப்பு மொழி என்று பிறர் இகழ்வது உண்மையில் நல்ல சொற்பயிற்சி. அதைப் பயிற்சி என்று அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆசிரியர் வேண்டும்.

4. கிளந்து சொல்லுதல்

இனி ‘மா வீழ்ந்தது’ போன்ற இடத்திற்கு வருவோம். களியக்காவிளையை அடுத்த இஞ்சிவிளையில் இருக்கும் மாணவன், ‘ஹி க்ராஸ்ட் தி லைன்’ என்று எழுதுகிறான். அவன் மாநில எல்லையைக் கடந்தான் என்பது ஒரு பொருள். ரயில் பாதையைக் கடந்தான் என்பது மற்றொன்று. வரம்பு மீறி நடந்துகொண்டான் என்பது மூன்றாவது. அந்த ஊரில் மூன்றும் நடக்கக்கூடியவை. கடத்தல் என்னும் வினை மூன்றுக்கும் பொருந்துகிறது. சார்பும் துணை செய்யவில்லை. படிப்பவர் எதைக் கொள்வார்?

இங்கே எழுதுபவனுடைய கடமை தொடங்குகிறது. எல்லையாயின் ‘ஹி க்ராஸ்ட் தி ஸ்டேட் லைன்’ என்றோ, ‘பார்டர்’ என்றோ எழுதவேண்டும். பாதையாயின் ‘ரெயில்வே லைன்’. வரம்பு மீறலாயின், என்ன சொல்லி மீறினான் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். தேர்வில் மதிப்பெண் குறைவதற்குப் பெரும்பாலும் சொல் தெரியாமை காரணம் அன்று. கிளந்து சொல்லாமையே காரணம். நமக்குத் தெரிந்தது படிப்பவர்க்கும் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

தமிழாகிவிட்ட ‘லைன்’

சொற்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது உருவம் மாறும். வெள்ளையர் ஆட்சியில் படைவீரர்க்கும் காவலர்க்கும் வரிசையாகக் கட்டிய குடியிருப்புகள் ‘லைன்ஸ்’ எனப்பட்டன. இன்றும் பல நகரங்களில் ‘போலீஸ் லைன்’ உண்டு. அதே முறையில் மலைத்தோட்டங்களில் கூலியாட்களுக்கு ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள் கட்டினார்கள். இலங்கையின் மலையகத்திலும், நம் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் வாயில் அந்த ‘லைன்’ என்பது ‘லயன்’, ‘லயம்’ என்று மாறியது.

லயம் என்பது இசையில் தாளத்தின் நடையைக் குறிக்கும் இனிய சொல். மலைத் தோட்டத்தில் அது ஒடுங்கிய வீட்டைக் குறிக்கும் சொல். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. அவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். அச்செய்தியைப் படித்தவர் எவரும் லயம் என்பதை இசை என்று கொண்டிருக்க மாட்டார். புதைதல் என்னும் வினை பொருளைச் சொல்லிவிட்டது. அச்சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கை அடங்கிக் கிடக்கிறது. சொற்பொருள் ஆராய்ச்சி வெறும் தேர்வுக்காக மட்டும் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

எல்லை என்னும் ‘லைன்’

நம் ஊர்களுக்கு மிக நெருங்கிய ‘லைன்’ மாநில எல்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. அது கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது.

வரைபடத்தில் அது நேர்த்தியான கோடு. மண்ணில் அப்படி இல்லை. பனச்சமூட்டுச் சந்தையில் இருபுறத்தாரும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டுக்குக் குறுக்கே நடக்கின்றன. மொழியும் அக்கோட்டில் வந்து சட்டென்று நின்றுவிடுவதில்லை. சிறிது சிறிதாகவே நிறம் மாறுகிறது.

ஆயினும் ஒரு கவலை உண்டு. கோட்டின் வடபுறத்தில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை தமிழைப் பேசுகிறது. ஆனால் படிக்கத் தெரியாமல் வளர்வதைப் பல வீடுகளில் காண்கிறேன். அத்தகைய பெற்றோரும் மாணவரும் அறிந்துகொள்ள வேண்டிய வேறு சில ‘லைன்’கள் சட்டப் புத்தகத்தில் உள்ளன. அரசியலமைப்பின் 350-அ பிரிவு, 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்று அது கூறுகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. எல்லைக்கோடு ஒன்றே, ஆனால் அதனால் வந்த குறையை நிரப்ப எழுதிய வரிகளும் உண்டு. இரண்டும் ஆங்கிலத்தில் ‘லைன்’ தான். முன்னதை எல்லோரும் அறிவர். பின்னதைப் படித்தவர் சிலரே.

இங்கே ‘வரி’ என்னும் தமிழ்ச்சொல்லையும் மறவாதீர்கள். எழுதும் வரி வேறு. கட்டும் வரி வேறு. புலியின் மேல் உள்ள வரி வேறு. அமரவிளைச் சோதனைச் சாவடியில் சரக்கு வண்டிகள் வணிகவரிக்காக நீண்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு-சேவை வரி வந்தபின் அந்தச் சோதனை நீங்கியது. ‘வரிக்காக வரிசையில் நின்றான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ‘லைன்’ ஒருமுறைதான் வரும். மற்றதற்கு ‘டாக்ஸ்’ வேண்டும். இரு மொழிகளின் சொல் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை என்பது இதனால் விளங்கும்.

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களை ‘லைன்’ என்னும் சொல் வருமாறு ஆங்கிலத்தில் எழுதுக. ஒவ்வொன்றிலும் பொருளைக் காட்டுவது வினையா, இனமா, சார்பா என்பதையும், கிளந்து சொல்ல வேண்டுமா என்பதையும் அருகில் குறிக்க.

1. அமரவிளைப் பாலத்தருகே மின்கம்பி அறுந்து கிடக்கிறது.
2. கூட்டுறவுக் கடையின் முன் பெண்கள் வரிசையில் நின்றனர்.
3. தாத்தா எழுதிய கடிதத்தில் நான்கே வரிகள் இருந்தன.
4. அவள் நெடுங்கால நெசவாளர் குடியில் வந்தவள்.
5. விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.
6. ரயில் பாதையைக் கடக்கும்போது இருபுறமும் பார்.
7. அவர் பேச்சு வரம்பு மீறியது.
8. இம்முடிவு சங்கத்தின் விதிகளுக்கு ஒத்தது.

முதல் வாக்கியத்திற்கு ‘தி லைன் இஸ் டவுன்’ என்று மட்டும் எழுதினால் தொலைபேசிக் கம்பியோ மின்கம்பியோ என்ற ஐயம் எழும். மின்கம்பியாயின் உயிர்க்கு இடர். ஆகவே ‘தி பவர் லைன் இஸ் டவுன்’ என்று கிளந்து எழுதுக. நான்காவதற்கு ‘ஷி கம்ஸ் ஃப்ரம் எ லாங் லைன் ஆஃப் வீவர்ஸ்’ என்பது விடை. பின்னே வரும் நெசவாளர் என்னும் இனம் குடிவழி என்பதைக் காட்டுகிறது. பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் பிறந்த மாணவர்க்கு இவ்வாக்கியம் தம் வீட்டு வாக்கியமாகவே இருக்கும். பிறவற்றை நீங்களே முயல்க.

நண்பர்களே, அகராதியில் உள்ள எடுத்துக்காட்டுகள் இலண்டன் தெருவிலும் நியூயார்க் அலுவலகத்திலும் நடப்பவை. அவற்றைப் பார்த்து எழுதினால் மறந்துபோகும். நம் ஊர் ஆறு, நம் ஊர்ச் சந்தை, நம் ஊர் ரயில் நிலையம் இவற்றை வைத்து எழுதினால் மனத்தில் நிற்கும். கிழமைக்கு ஒரு குறுஞ்சொல் போதும். பத்து வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் வினை, இனம், சார்பு என்று குறித்து வையுங்கள். அடுத்த கிழமைக்கு ‘ரன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுதியவற்றைச் சங்கக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்; எல்லையூர்களிலிருந்து வரும் முதலாண்டு மாணவர்களையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு.